பறவைக் காய்ச்சல்: குளத்தில் பிறப்பதா, கொட்டகையில் பிறப்பதா?

வடகீழ்ப் பருவமழை தொடங்கி, கட்டுக்கரைக் குளத்திலும் வங்காலைக் களப்பிலும் வலசைத் தாராக்கள் இறங்குகின்ற மாதங்களில், கேரளத்திலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ பறவைக் காய்ச்சல் பற்றிய செய்தி இலங்கையின் வடக்கேயுள்ள வன்னிக்கும் வந்து சேர்கிறது. செய்தியோடு அச்சமும் வருகிறது. குளத்துக்கு வரும் பறவைகளை விரட்ட வேண்டுமா, கோழியும் முட்டையும் உண்ணலாமா, ஊர்க்கோழி ஒன்று திடீரெனச் செத்தால் அது அந்த நோய்தானா என்ற கேள்விகளுக்குச் சந்தையிலும் கைபேசியிலும் கிடைக்கும் விடைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. இயல்பில் வேறுபட்ட பல வைரஸ்கள் ஒரே பெயரின் கீழ் பேசப்படுவதே இதற்குக் காரணம். அவற்றுள் எது எங்கே உருவானது, எவ்வழியே பயணித்தது என்பதை வைரஸின் மரபணுக்களே காட்டிக்கொடுக்கின்றன. அவற்றைப் படித்துப் பார்த்தால், இந்நோயின் கொடிய வடிவம் பெரும்பாலும் மனிதர் நெருக்கமாக அடைத்து வளர்க்கும் கோழிகளிடையே பிறந்து, அதன் பின்னரே காட்டுப் பறவைகளைச் சென்றடைந்தது என்பது தெளிவாகும். வன்னியில் எங்கே காவல் வைப்பது என்ற முடிவு இதில்தான் தங்கியிருக்கிறது.

எட்டுத் துண்டுகளும் ஒரு பெயரும்

பறவைக் காய்ச்சலை உண்டாக்குவது இன்புளுவென்சா ஏ வகை வைரஸ். இதன் மரபுப் பொருள் டி.என்.ஏ. அன்று, ஆர்.என்.ஏ. ஆகும். அதுவும் ஒரே நீண்ட இழையாக இல்லாமல், எட்டுத் தனித்தனித் துண்டுகளாக உறைக்குள் அடங்கியிருக்கிறது. எட்டையும் சேர்த்துப் பார்த்தாலும் ஏறத்தாழ 13,500 மரபெழுத்துக்கள் மட்டுமே. இவ்வளவு சிறிய நூலைக் கொண்டு இந்த வைரஸ் ஐந்து கண்டங்களின் பண்ணைகளைக் கலங்கடித்திருக்கிறது.

உறையின் வெளிப்புறத்தில் இரண்டு புரதங்கள் துருத்திக்கொண்டிருக்கின்றன. முதலாவது ஹீமகுளுட்டினின், பறவையின் கலத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைவது இதன் வேலை. இரண்டாவது நியூராமினிடேஸ், கலத்துக்குள் புதிதாக உருவான வைரஸ்களை அதன் மேற்பரப்பிலிருந்து அறுத்து வெளியே விடுவது இதன் வேலை. பறவைகளிடம் ஹீமகுளுட்டினினில் 16 வகைகளும் நியூராமினிடேஸில் 9 வகைகளும் நெடுங்காலமாக அறியப்பட்டுள்ளன. எச்5என்1 என்ற பெயர், முதற் புரதம் ஐந்தாம் வகை, இரண்டாம் புரதம் முதலாம் வகை என்பதை மட்டும் கூறுகிறது. ஏனைய ஆறு துண்டுகளைப் பற்றி அந்தப் பெயர் எதையும் சொல்வதில்லை. 1959இல் ஸ்கொட்லாந்தில் கோழிகளைத் தாக்கியதும் எச்5என்1. இன்று உலகெங்கும் பரவியிருப்பதும் எச்5என்1. எனினும் இவை வெவ்வேறு பரம்பரையைச் சேர்ந்தவை. ஆகவே செய்தியில் அந்தப் பெயரைக் கண்டவுடன் பழைய கதையே திரும்பி வந்துவிட்டதென எண்ணுவது பிழையாகும்.

மாற்றம் நிகழும் இரு வழிகள்

1. விகாரம். ஆர்.என்.ஏ.யைப் பிரதி எடுக்கும் இந்த வைரஸின் நொதியத்துக்குத் தன் பிழையைத் தானே திருத்தும் வல்லமை இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் எழுத்துப் பிழைகள் ஏறுகின்றன. பெரும்பாலானவை வைரஸுக்கே கேடு. சில எந்த விளைவையும் தருவதில்லை. மிகச் சில மட்டும் புதிய விலங்கில் பெருகவும், பறவையின் உடல் முன்பு உண்டாக்கி வைத்த பிறபொருளெதிரிகளிடமிருந்து தப்பவும் உதவுகின்றன.

2. துண்டு மாற்றம். ஒரே பறவையின் ஒரே கலத்துக்குள் இரண்டு வேறு இன்புளுவென்சா வைரஸ்கள் ஒரே நேரத்தில் புகுந்தால், இரண்டின் எட்டுத் துண்டுகளும் அங்கே கலந்து கிடக்கும். வெளியேறும் புதிய வைரஸ் ஒவ்வொரு துண்டையும் இரண்டில் ஒன்றிலிருந்து பெறலாம் என்பதால், 256 சேர்க்கைகளுக்கு இடமுண்டு. விகாரம் ஆண்டுக்கணக்கில் செய்வதை இது ஒரே இரவில் செய்துவிடுகிறது.

இரண்டாவது வழியின் வலிமைக்குச் சீனத்தில் 2013இல் வெளிப்பட்ட எச்7என்9 நல்ல சான்று. அதன் வெளிப்புறத் துண்டுகள் இரண்டும் காட்டுப் பறவைகளின் வைரஸ்களிலிருந்து வந்தவை. உட்புறத் துண்டுகள் ஆறும் ஆசியக் கோழிப் பண்ணைகளில் அமைதியாகச் சுற்றிவரும் எச்9என்2 என்ற வைரஸிலிருந்து வந்தவை. அது தொடக்கத்தில் கோழிகளைக் கொல்லவில்லை. கோழி நோயுறாததால் சந்தையில் எவருக்கும் ஐயம் எழவில்லை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் 1,500க்கும் மேற்பட்ட மனிதருக்கு அது தொற்றி, அவர்களுள் பத்துக்கு ஏறத்தாழ நால்வரைக் கொன்றது.

சாதுவான வைரஸ் கொடியதாகும் இடம்

தாராக்கள், வாத்துக்கள், கடற்காகங்கள், கரைப்பறவைகள் ஆகியவை இன்புளுவென்சா ஏ வைரஸின் இயற்கையான உறைவிடங்கள். அவற்றின் குடலில் வைரஸ் பெருகி எச்சத்தோடு நீரில் கலக்கிறது. அந்த நீரை அருந்தும் அடுத்த பறவைக்குப் போகிறது. தாராவுக்குப் பெரும்பாலும் நோய்க்குறி எதுவும் தோன்றுவதில்லை. நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்ததால் இருவருக்கும் இடையே ஓர் இணக்கம் ஏற்பட்டிருக்கிறது என்றே இதைக் கொள்ள வேண்டும். இவ்வகை வைரஸ்கள் வீரியம் குறைந்தவை எனப்படுகின்றன. கோழிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொல்பவை வீரியம் மிகுந்தவை. இந்தப் பாகுபாடு கோழிக்கு நேரும் விளைவை வைத்தே செய்யப்பட்டது. மனிதருக்கு நேரும் விளைவை வைத்தன்று. எச்7என்9 வீரியம் குறைந்தது என்ற பெயரோடுதான் மனிதரைக் கொன்றது.

குறைந்ததை மிகுந்ததாக்குவது எது? விடை ஹீமகுளுட்டினினின் மிகச் சிறிய ஓர் இடத்தில் இருக்கிறது. இந்தப் புரதம் முதலில் ஒரே சங்கிலியாக உருவாகிறது. அந்தச் சங்கிலி குறித்த ஓரிடத்தில் இரண்டாக வெட்டப்பட்டால்தான் வைரஸ் அடுத்த கலத்தினுள் புக முடியும். வெட்டும் நொதியம் வைரஸிடம் இல்லை. அது பறவையின் உடலிலிருந்தே கிடைக்க வேண்டும். வீரியம் குறைந்த வைரஸில் வெட்டும் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் பெரும்பாலும் தனித்தே இருக்கும். அதை வெட்டக்கூடிய, திரிப்சின் போன்ற நொதியங்கள் குடலிலும் சுவாசப் பாதையிலும் மட்டுமே உள்ளன. ஆகவே தொற்றும் அவ்விரு இடங்களோடு நின்றுவிடுகிறது.

எச்5, எச்7 ஆகிய இரண்டு வகைகளில் மட்டும், அந்த இடத்தில் ஆர்ஜினினும் லைசினும் அடுத்தடுத்துச் சேர்ந்துகொள்ளும் போக்குக் காணப்படுகிறது. அவ்வாறு நான்கைந்து சேர்ந்துவிட்டால், பியூரின் என்ற வேறொரு நொதியம் அதை வெட்ட வல்லதாகிறது. பியூரின் பறவையின் உடலில் ஏறத்தாழ எல்லாக் கலங்களிலும் இருக்கிறது. அதன் பின் வைரஸுக்குக் குடல் என்ற எல்லை இல்லை. மூளை, இதயம், சுவாசப்பை, கணையம் என எங்கும் பெருகுகிறது. மாலையில் தீன் தின்ற கோழி காலையில் கூட்டுக்குள் செத்துக் கிடப்பதற்குச் சில அமினோ அமிலங்களே போதும்.

இம்மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்பதற்குப் பதிவுகள் உள்ளன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1983 ஏப்ரலில் வீரியம் குறைந்த எச்5என்2 பண்ணைகளுள் புகுந்தது. ஒக்டோபரில் அதே வைரஸ் வீரியம் மிகுந்ததாகி, 1 கோடியே 70 இலட்சம் பறவைகளின் அழிவில் முடிந்தது. இத்தாலியில் 1999 மார்ச்சில் எச்7என்1 அமைதியாகப் பரவத் தொடங்கி, டிசம்பரில் கொடியதாக மாறியது. சிலியில் 2002இல் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது: எச்7என்3 வைரஸ் தன்னுடைய வேறொரு துண்டிலிருந்து 30 எழுத்துக்களை எடுத்து வெட்டும் இடத்தில் செருகிக்கொண்டது. இவை எல்லாமே கோழி, வான்கோழிப் பண்ணைகளுக்குள் நிகழ்ந்தவை.

ஏன் பண்ணை? காட்டில் தன் தாராவை விரைவாகக் கொல்லும் வைரஸ், அந்தத் தாரா அடுத்த நீர்நிலைக்குப் பறக்கும் முன்பே அதனோடு மடிகிறது. கொட்டகைக்குள் நிலைமை வேறு. ஆயிரக்கணக்கான பறவைகள், வயதும் இனமும் ஒன்றாக, ஒரு சாண் இடைவெளியில் நிற்கின்றன. ஒன்று செத்தாலும் அடுத்தது அருகிலேயே இருக்கிறது. கொல்வதால் வைரஸுக்கு இழப்பு இல்லை, வேகமாகப் பெருகுவதால் ஆதாயம் உண்டு. தென்னாபிரிக்கக் கரையில் 1961இல் எச்5என்3 வைரஸால் ஆலாக்கள் பெருமளவில் இறந்தது போன்ற விதிவிலக்கு உண்டென்றாலும், பதிவாகிய மாற்றங்களுள் மிகப் பெரும்பாலானவை வளர்ப்புப் பறவைகளிடையே நடந்தவை. வலசைப் பறவையைக் குற்றவாளியாக நிறுத்தும் பேச்சை மறுத்தே ஆக வேண்டுமென நான் கருதுவது இந்தச் சான்றுகளால்தான்.

1996இல் தொடங்கிய பரம்பரை

இன்றைய செய்திகளில் வரும் எச்5 வைரஸ்கள் ஏறத்தாழ எல்லாமே, தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்தில் 1996இல் வளர்ப்பு வாத்து ஒன்றிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வைரஸின் வழித்தோன்றல்கள். மறு ஆண்டு ஹொங்கொங்கில் 18 பேருக்குத் தொற்றி ஆறு பேர் இறந்தனர். அந்த நகரின் வளர்ப்புக் கோழிகள் முழுவதும் கொல்லப்பட்டன. அப்போது அடங்கியது போலத் தோன்றினாலும், 2003இன் பின் தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா எனப் பரவியது. உயிர்க்கோழிச் சந்தைகளும் எல்லை கடந்த வணிகமும் இதில் பெரும்பங்கு வகித்தன.

2005இல் சீனத்தின் சிங்ஹாய் ஏரியில் 6,000க்கும் மேற்பட்ட காட்டுப் பறவைகள் மடிந்தன. அவற்றுள் பெரும்பகுதி, இமயத்தைக் கடந்து இந்தியாவுக்கு வலசை வரும் வரித்தலை வாத்துக்கள். பண்ணையில் கொடியதான வைரஸ் இப்போது காட்டுக்குள் திரும்பியிருந்தது. சில மாதங்களில் அது ஐரோப்பாவையும் ஆபிரிக்காவையும் எட்டியது.

இந்தப் பரம்பரையின் எச்5 மரபணு பல கிளைகளாகப் பிரிந்து, 2.3.4.4 போன்ற எண்களால் குறிக்கப்படுகிறது. 2.3.4.4பி என்ற கிளை காட்டுப் பறவைகளிடையே வேறு வைரஸ்களோடு துண்டுகளை மாற்றிக்கொள்வதில் மிகத் தேர்ந்தது. என்8, என்6, என்1 என அதன் இரண்டாம் புரதமான நியூராமினிடேஸ் மாறியபடி இருக்கிறது. 2021இன் இறுதியில் அது அத்திலாந்திக்கைக் கடந்து கனடாவின் நியூபவுண்ட்லாந்தை அடைந்தது, 2022இல் தென்னமெரிக்கா, 2023 ஒக்டோபரில் தென் அத்திலாந்திக்கிலுள்ள தென் ஜோர்ஜியத் தீவுகள், 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவைப் பசுக்கள். முன்பு பண்ணையில் அழித்தால் நோய் ஓய்ந்தது. இந்தக் கிளையோ காட்டுப் பறவைகளிடையே ஆண்டு முழுவதும் நிலைத்திருக்கப் பழகிவிட்டது. எனவே, தாம் உருவாக்காத ஒரு வைரஸின் பலிகளாகவும் அதைச் சுமப்பவையாகவும் அப்பறவைகள் ஒருங்கே இருக்கின்றன. இதை மறைத்து அவற்றுக்காக வாதாடுவதில் பயனில்லை.

நமக்கு அண்மையில், இந்தியாவின் முதற் பரவல் 2006 பெப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் பதிவாகியது. கேரளத்தின் குட்டநாட்டுத் தாராக்களிடையே 2014இலும், எச்5என்8 ஆக 2016இலும் 2021இலும், மீண்டும் எச்5என்1 ஆக 2024இலும் நோய் வந்தது. 2021 ஜனவரியில் இமாசலப் பிரதேசத்தின் பொங் அணைக்கட்டு நீர்த்தேக்கத்தில் ஆயிரக்கணக்கான வரித்தலை வாத்துக்கள் இறந்தன.

வலசைப் பாதையின் தென்முனையில் வன்னி

சைபீரியாவின் வடகரையிலிருந்து இந்து சமுத்திரம் வரை நீளும் மத்திய ஆசிய வலசைப் பாதையின் தரைவழி முடிவது இலங்கையில். மன்னார்ப் பெருநிலத்திலுள்ள வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டு, 2010இல் ராம்சார் சாசனத்தின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டது. செப்டெம்பர், ஒக்டோபரில் ஊசிவால் தாராக்களும் நீலச்சிறகுத் தாராக்களும் கருவால் மூக்கன்களும் வந்திறங்கி, மார்ச், ஏப்ரலில் திரும்புகின்றன. கட்டுக்கரைக் குளம், சுண்டிக்குளம், நந்திக்கடல், கொக்கிளாய் என இவை பரவி நிற்கும் காலமும், பெரும்போக வயல்கள் நீர் நிரம்பி நிற்கும் காலமும் ஒன்றே.

முனையில் இருப்பதால் சில விளைவுகள் உண்டு.

1. தொற்றிய தாரா வைரஸை வெளியேற்றுவது பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமைகளுக்குள் முடிந்துவிடும். சைபீரியாவில் தொற்றிய பறவை அதே தொற்றோடு மன்னாரில் இறங்குவது அரிது. வழியிலுள்ள ஈரநிலம் ஒவ்வொன்றிலும் ஒரு பறவையிடமிருந்து இன்னொன்றுக்கு மாறி மாறியே வைரஸ் தெற்கு நோக்கி வருகிறது. எனவே வன்னிக்கான முன்னெச்சரிக்கை தூர வடக்கிலிருந்து வருவதைவிட, தமிழ்நாட்டின் கோடியக்கரை, கேரளத்தின் காயல்கள் ஆகிய இடங்களிலிருந்து வருவதே பெறுமதி வாய்ந்தது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றரே உள்ளது. பறவைக்கு அது ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பறப்பு.

2. இவ்வைரஸ் குளிர்ந்த நன்னீரில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. வெப்பமும் உப்பும் கூடக்கூட அதன் ஆயுள் குறைகிறது. ஆகவே உவர்க் களப்புகளில் அது நீரில் நெடுநாள் தங்குவது கடினம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற நன்னீர்க் குளங்களிலும், நிழல் விழும் வாய்க்கால் சேற்றிலும் மார்கழி, தை மாதங்களில் அதற்குக் கூடுதலான வாய்ப்புண்டு.

3. வலசைப் பறவை நேரே கோழிக்கூட்டுக்கு வருவதில்லை. கொக்கு, சீழ்க்கைச் சிறகி, மைனா, காகம் ஆகிய உள்ளூர்ப் பறவைகள் குளத்துக்கும் வளவுக்கும் இடையே நாளாந்தம் போய்வருகின்றன. இடைநின்று கடத்தும் வாய்ப்பு இவற்றுக்கே அதிகம்.

குளத்திலிருந்து முற்றத்துக்கு

வைரஸ் கடக்க வேண்டிய தூரம் எவ்வளவு என்பதை ஒரு வளவைப் பார்த்தே அறியலாம். வான் பாயும் குளத்தின் கீழே, வாய்க்காலை ஒட்டிய வீடு. இரவில் தாராக்கள் வயலில் இறங்கி மேய்கின்றன. விடியலில் வரம்பின் ஓரத்துச் சேற்றில் பச்சையும் வெள்ளையுமான எச்சம் கிடக்கிறது. கமக்காரர் நீர் கட்டிவிட்டு அதே செருப்போடு முற்றத்துக்கு வருகிறார். மண்வெட்டியைக் கோழிக்கூட்டின் பக்கத்தில் சாத்துகிறார். அவிழ்த்துவிட்ட கோழிகள் செருப்பிலிருந்து உதிர்ந்த சேற்றைக் கிளறுகின்றன. தாகத்துக்கு வாய்க்காலிலேயே சொண்டு வைக்கின்றன. பாதிக்கப்பட்ட பறவையின் எச்சத்தில் வைரஸ் மிகுந்த செறிவில் இருப்பதால், விரல் நகமளவு சேறும் ஒரு கோழிக்குத் தொற்றைக் கொடுக்கப் போதுமானது.

பிற வழிகள் இவை:

1. காட்டுத் தாராவைப் பிடித்து வளவிலேயே உரித்தல். குடலும் இறகும் கோழிகளுக்குத் தீனாகின்றன. சட்டப்படி குற்றமான இச்செயல், நோயைக் கொண்டுவரும் மிகக் குறுகிய பாதையுமாகும்.

2. பண்ணைக்குப் பண்ணை செல்லும் லொறி, கழுவாத கோழிக் கூடைகள், மீளப் பயன்படும் முட்டைத் தட்டுகள், தீன் சாக்குகள். ஒரு பண்ணைக்குள் வைரஸ் புகுந்த பின் ஊரூராகக் கொண்டுசெல்வதில் இவற்றுக்கு ஈடாக எந்தப் பறவையும் இல்லை.

3. நோயுற்ற கோழிகளை அவசரமாக விற்றல், செத்தவற்றை வாய்க்காலில் எறிதல். இதனால் நோய் எதிர்த் திசையில், முற்றத்திலிருந்து குளத்துக்குச் செல்கிறது.

தாய்லாந்தின் 2004ஆம் ஆண்டுப் பரவலை ஆராய்ந்தவர்கள், அறுவடை முடிந்த வயல்களில் மேயவிடப்பட்ட தாரா மந்தைகளுக்கும் நோய் நிகழ்ந்த இடங்களுக்கும் நெருங்கிய தொடர்பைக் கண்டனர். தாரா நோயுறாமல் வைரஸை வெளியேற்றக்கூடியது. வயல் நீர் காட்டுப் பறவைக்கும் பொதுவானது. பெரிய தாரா மந்தைகளை வயலில் மேய்ப்பது வன்னியின் வழக்கமன்று. இது நமக்கு வாய்த்த ஒரு நன்மை. வாழ்வாதாரத் திட்டம் என்ற பெயரில் அவ்வழக்கத்தைக் குளத்தோரங்களில் புதிதாகப் புகுத்த நினைப்பவர்கள் குட்டநாட்டின் அனுபவத்தை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பறவைகளை விரட்டுவதாலோ சுடுவதாலோ விளையும் நன்மை எதுவும் இல்லை. ஒரு குளத்தில் அமைதியாக நின்ற கூட்டம் கலைந்தால் பல குளங்களுக்குச் சிதறும். தொற்றிருந்தால் அதுவும் சிதறும்.

மனிதருக்கு உள்ள அபாயம்

கலத்தின் மேற்பரப்பில் ஹீமகுளுட்டினின் பற்றிக்கொள்ளும் சயலிக் அமிலம் என்ற பொருள் பறவையின் குடலில் ஒரு வடிவிலும், மனிதரின் மேற்சுவாசப் பாதையில் பெரும்பாலும் வேறொரு வடிவிலும் இருக்கிறது. பறவையின் வடிவம் மனிதரிடம் சுவாசப்பையின் ஆழத்தில் உண்டு. அதனால்தான் எச்5என்1 மனிதருக்கு எளிதில் தொற்றுவதில்லை. தொற்றினால் சுவாசப்பையைக் கடுமையாகத் தாக்குகிறது. 2003 தொடக்கம் உலக சுகாதார நிறுவனத்திடம் பதிவாகியோர் 900க்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். இலேசாக வந்து போன தொற்றுக்கள் கணக்கில் ஏறாததால், உண்மையான இறப்பு விகிதம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொடர்ச்சியாகப் பரவியதில்லை. பிபி2 என்ற புரதத்தின் 627ஆவது இடத்தில் குளுட்டமிக் அமிலம் லைசினாக மாறுவது போன்ற விகாரங்கள் பாலூட்டிகளில் பெருகுவதை எளிதாக்குகின்றன என்பதால், ஆய்வுகூடங்கள் அத்தகைய எழுத்துக்களை ஒவ்வொரு மாதிரியிலும் தேடுகின்றன.

உணவைப் பொறுத்தவரை விடயம் எளிது. 70 பாகை செல்சியஸில் உட்புறமும் வெந்த இறைச்சியிலும், மஞ்சட் கரு இறுகும்வரை அவித்த முட்டையிலும் வைரஸ் பிழைப்பதில்லை. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியானபோது எழுந்த அச்சத்துக்கும் இதுவே பதில். ஆபத்து உண்பவரைவிட, நோயுற்ற கோழியை அறுத்து இறகு பிடுங்கிச் சுத்தம் செய்பவருக்கே அதிகம். அந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள் என்பதை நம் எச்சரிக்கைப் பிரசுரங்கள் கவனிப்பதில்லை.

கோழி செத்தால்

வன்னியில் கோழிகள் கூட்டமாகச் சாவதற்கு நெடுங்காலமாக அறியப்பட்ட காரணம் ராணிக்கட் நோய். அது வேறு குடும்பத்து வைரஸ். அதற்குத் தடுப்பூசி உண்டு. கொண்டையும் தாடியும் நீலம் பாய்தல், தலை வீங்குதல், முட்டை திடீரெனக் குறைதல், தோல்முட்டை இடுதல், கழுத்து முறுகல், கழிச்சல் ஆகியவை இரு நோய்களிலும் கலந்து தோன்றுவதால், கண்ணால் பார்த்து இது இன்னதெனக் கூற அனுபவமிக்க மிருக வைத்தியராலும் இயலாது. காட்டுப் பறவைகள் கூட்டமாக இறப்பதற்கும் வயலில் தெளித்த நஞ்சு, வரட்சியில் வற்றிய குளத்துச் சேற்றில் உண்டாகும் பொட்டுலிச நஞ்சு என வேறு காரணங்கள் உள்ளன. ஆகவே:

1. செத்த பறவையை வெறுங்கையால் தொட வேண்டாம். குழந்தைகளையும் நாய் பூனைகளையும் விலக்கி, கண்ட இடத்தையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. ஓரிரு நாட்களுக்குள் வளவில் பல கோழிகள் இறந்தால், புதைப்பதற்கு முன் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். வெயிலில் ஒரு பகல் கிடந்த உடலில் வைரஸின் ஆர்.என்.ஏ. சிதைந்து, சோதனை பயனற்றதாகலாம்.

3. எஞ்சிய கோழிகளை விற்கவும் அயலாருக்குக் கொடுக்கவும் கூடாது. கூட்டில் அடைத்து, கிணற்று நீர் மட்டும் வைக்க வேண்டும்.

4. ராணிக்கட் தடுப்பூசியைத் தவறாது போட வேண்டும். அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் ராணிக்கட் இல்லாத வளவில் திடீர்ச் சாவு நிகழ்ந்தால் அது உடனே கண்ணில் படும்.

மாதிரி பேராதனை, கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்குச் செல்லும்போது, முதலில் அது இன்புளுவென்சா ஏ வகையா, அதில் எச்5 அல்லது எச்7 உண்டா என்று பார்க்கப்படும். உண்டெனில் வெட்டும் இடத்தின் எழுத்துக்கள் வாசிக்கப்படும். கொடியதா அன்றா என்பதை அங்கே அடுக்கியிருக்கும் ஆர்ஜினின், லைசின் சொல்லிவிடும். எட்டுத் துண்டுகளையும் முழுமையாக வாசித்து ஏனைய நாடுகளின் வரிசைகளோடு ஒப்பிட்டால், அது குட்டநாட்டுத் தாராக்களின் வைரஸுக்கு உறவா, வடக்கே காட்டு வாத்துக்களிடையே சுற்றிய ஒன்றுக்கு உறவா என்பதும் தெரியவரும். வந்த வழி வணிகமா வலசையா என்ற சர்ச்சையை ஊகத்திலிருந்து மீட்பது இந்த ஒப்பீடே.

அழிப்பும் நட்டஈடும்

கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் தடுப்பூசி போடும் நாடுகள் உண்டு. சீனம் இருபது ஆண்டுகளாகவும் பிரான்சு 2023 முதல் தன் தாராப் பண்ணைகளிலும் அதைச் செய்கின்றன. தடுப்பூசி இறப்பைக் குறைத்தாலும் வைரஸ் மறைவாகச் சுற்ற இடம் தரக்கூடியது என்பதால், தீவிரமான கண்காணிப்பு இல்லாத இடத்தில் அது பொருந்தாது. ஆகவே நோய் உறுதியானால் எதிர்பார்க்கக்கூடிய நடவடிக்கை, பாதித்த இடத்திலும் சுற்றயலிலும் உள்ள கோழிகளை அழிப்பதாகும். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் நோய்க் கட்டுப்பாட்டுக்கான அதிகாரங்களை வழங்குகிறது.

அதிகாரம் மட்டும் போதாது. 2009க்குப் பின் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு, வாழ்வாதார உதவியாகக் கோழிக் குஞ்சுகளும் கூடுகளும் வழங்கப்பட்டன. அத்தகைய ஒரு வளவில் முட்டை விற்ற காசு பிள்ளையின் கொப்பிக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் போகிறது. தன் கோழிகள் எல்லாம் சாக்கில் கட்டிப் புதைக்கப்படும், கைக்கு எதுவும் வராது என்று அஞ்சும் தாய், முதற் கோழி செத்த அன்று அலுவலகத்துக்குப் போகமாட்டார். எஞ்சியவற்றை மறுநாள் சந்தைக்கே கொண்டுபோவார். இதற்காக அவரைப் பழிக்க எவருக்கும் தகுதியில்லை.

அறிவிப்பவருக்கு ஆதாயம் இருக்கும்படி நட்டஈட்டை அமைக்க முடியும். பல நாடுகளின் திட்டங்களில், அதிகாரிகள் வந்து சேரும்போது உயிரோடிருந்து அழிக்கப்படும் பறவைகளுக்கே பணம் கிடைக்கிறது. ஏற்கெனவே செத்தவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஒரு நாள் முந்தி அறிவித்தவர் கூடுதலாகப் பெறுகிறார். அந்தத் தொகை ஊர்க்கோழியின் உண்மையான சந்தை விலையை ஒட்டியதாகவும், பதிவில்லாத பத்துக் கோழி வளவுக்கும் உரியதாகவும் இருக்க வேண்டும். அது எவ்வளவு, எத்தனை நாளில் கைக்கு வரும், எவரிடம் கேட்பது ஆகிய மூன்றையும் நோய் வந்த பின் அல்ல, தாராக்கள் இறங்குவதற்கு முன்பே கிராம அலுவலர் ஊடாகவும் கால்நடை வைத்திய அலுவலகம் ஊடாகவும் ஊர்தோறும் அறிவித்துவிட வேண்டும்.